"விசாரணைக்கு" என்று கூட்டிப்போய் இரண்டு ராத்திரி வைத்திருந்தால் அது கைதா, இல்லையா?

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் தம்பிக்கு 23 வயது, அக்னி தீர்த்தத்துக்குப் போகிற வழியில் தள்ளுவண்டியில் பாசி மாலையும் சங்கும் விற்கிறார். வடக்கே இருந்து வந்த ஒரு குடும்பம் கடலில் குளித்துவிட்டு ஏறிப் பார்த்தால் கரையில் வைத்த பையைக் காணோம். அந்த இடத்தில் வண்டி போட்டிருந்த நான்கு பேரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். சனிக்கிழமை காலை பத்தரைக்குப் போனவர் திங்கள் சாயங்காலம்தான் வீடு வந்திருக்கிறார், அதுவும் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீது இல்லை, வண்டியும் போனும் இன்னும் ஸ்டேஷனில். "கூப்பிடும்போது வரணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூட ஏற்றிப்போனவர்களில் ஒருவன் 17 வயதுப் பையன். இது கைதா, இனி கூப்பிட்டால் போகவேண்டுமா, ஏதாவது செய்ய முடியுமா என்பது கேள்வி.

கைதுதான். அதுவும் சட்டவிரோதமான காவல். எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் விடமாட்டார்கள் என்ற நிலையில் ஒருவரை உட்கார வைத்தால், அதற்கு ஸ்டேஷனில் என்ன பெயர் வைத்தாலும் சட்டத்தில் அது காவல்தான். நம் ஊரில் எல்லோரும் "விசாரணைக்குக் கூட்டிப்போயிருக்காங்க" என்று சாதாரணமாகச் சொல்கிறோம், ஏதோ கைதுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை இருப்பதுபோல. அப்படி ஒரு திண்ணையே கிடையாது. ஒன்று, கைது செய்து எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்லி, கேட்பதைக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும், ஏனென்றால் இந்த மாதிரிப் பிடிப்பு முழுவதும் காகிதம் இல்லாமல் இருப்பதை நம்பித்தான் நடக்கிறது.

நம் கரையில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நான் தங்கச்சிமடத்தில் பிறந்து ராமநாதபுரம் கோர்ட்டில் 20 வருஷத்துக்கு மேல் நிற்கிறவன். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குத் தீவுக்குள் வருகிற கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும். பையைத் தொலைத்தவருக்கு அன்று ராத்திரியோ மறுநாளோ ரயில். அவர் நிலைமையும் பாவம்தான், மொழி தெரியாத ஊரில் பணம், ஆதார், திரும்பிப் போகிற டிக்கெட் எல்லாம் போய் ஈரத்துணியோடு நிற்கிறார், அவருக்கு உதவி செய்ய வேண்டியது நம் கடமை. போலீஸுக்கும் பந்தோபஸ்து வேலையில் ஆள் பற்றாது, மேலிடத்திலிருந்து "யாத்ரீகர் புகார், சீக்கிரம் முடி" என்று போன் வரும். அப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் யார் இருக்கிறார்கள்? நிஜமாகவே பையைத் தூக்கினவன் அந்த நேரத்தில் பாம்பன் பாலம் தாண்டியிருப்பான். தினமும் அதே இடத்தில் நிற்கிற பாசிக்கடைப் பையன், ஆட்டோக்காரர், கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளியால் இறைத்து ஊற்றுகிற யாத்திரைப் பணியாளர், அரிச்சல்முனைக்கு வேன் ஓட்டுகிறவர், இவர்கள்தான் எட்டுவார்கள். நாளைக்கும் அங்கேயே இருப்பார்கள் என்பதுதான் இவர்கள் செய்த குற்றம். அதிலும் பாசிமணி விற்கிற நரிக்குறவர் வீட்டு ஆட்கள் என்றாலும், மண்டபம் அகதி முகாமிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர் என்றாலும் சந்தேகம் இன்னும் சுலபமாக ஒட்டிவிடுகிறது. ரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம், நம் ஜில்லாவில் ஒரு தலைமுறையையே ராத்திரி ராத்திரி ஸ்டேஷனில் படுக்கவைத்த கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சட்டம் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆளைப் பார்த்து முடிவுகட்டுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. கடலில் இலங்கைக் கடற்படை நம் ஆட்களைப் பிடித்தால் படகு எண்ணோடு பேப்பரில் வரும், கலெக்டர் ஆபீஸில் பெயர்ப்பட்டியல் இருக்கும், முதலமைச்சர் டெல்லிக்குக் கடிதம் எழுதுவார். கரையில் நம் ஸ்டேஷனிலேயே நாலு பையன்கள் இரண்டு ராத்திரி இருந்தால் எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது.

இது பயமுறுத்த எழுதுவது இல்லை, ஆனால் 2025 ஜூனில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நடந்ததை மறக்கவே கூடாது. கோயிலுக்கு வந்தவர் காரில் வைத்த நகையைக் காணோம் என்றார், கோயிலில் தற்காலிகக் காவலாளியாக இருந்த இளைஞரை விசாரணைக்கு என்று கூட்டிப்போனார்கள், அவர் போலீஸ் பிடியிலேயே இறந்துபோனார். போலீஸ்காரர்கள் கைதானார்கள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டது, வழக்கு சிபிஐக்குப் போனது. எல்லாம் ஆரம்பித்தது வெளியூர்க்காரர் ஒருவரின் புகாரிலும் எழுதிவைக்காத ஒரு விசாரணையிலும்தான். உங்கள் தம்பி விஷயமும் அதே வாசலில்தான் ஆரம்பித்திருக்கிறது, அதனால் "விட்டுட்டாங்கல்ல, போகட்டும்" என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது. அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. ராமேஸ்வரம் தீவில் எங்கிருந்து கிளம்பினாலும், ராமநாதபுரத்துக்கே போகவேண்டி வந்தாலும், அந்தப் பயணம் சில மணி நேரத்தைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமை கோர்ட் லீவு என்பதும் காரணம் ஆகாது, லீவு நாளில் மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கே கூட்டிப்போய் நிறுத்துவார்கள், அது எங்களுக்கு வாடிக்கையான விஷயம். இந்தப் பிரிவு குடிமகன் என்று சொல்லவில்லை, எந்த நபர் என்றுதான் சொல்கிறது, முகாம் ஆட்களுக்கும் அது பொருந்தும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய், அதன் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. அதில் 36-ஆவது பிரிவுப்படி கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் ஒருவரோ அந்த ஊரின் மரியாதைப்பட்ட ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். 48-ஆவது பிரிவுப்படி வீட்டுக்கோ நண்பருக்கோ உடனே தகவல் சொல்லியே ஆக வேண்டும். இதெல்லாம் 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளைகளிலிருந்து வந்தவை. கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கைதே செல்லாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்புறம், திருட்டு என்று சந்தேகம் வந்தாலே பிடித்து வைக்கலாம் என்பதும் தப்பு. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், தேவை இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும், உச்ச நீதிமன்றத்தின் 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம்தான். காணாமல் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் அது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமே இல்லை. நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏட்டையா போன் போட்டு "வாடா" என்பது நோட்டீஸ் இல்லை.

வெள்ளைத்தாள் கையெழுத்தைப் பற்றி நீங்கள் ரொம்பப் பயந்திருக்கிறீர்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் அவருக்கு எதிராக நிற்காது, புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவிலும் அதுதான் நிலைமை. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். விசாரணையில் சொல்வதை எழுதிக்கொண்டாலும் அதில் கையெழுத்துக் கேட்கவே சட்டம் இடம் தரவில்லை. ஆனால் அந்தத் தாளில் நாளைக்கு "நானாகவே வந்தேன், நல்லபடியாக நடத்தினார்கள்" என்று எழுதிக்கொள்ளலாம், அதற்குத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். அதனால் தாமதம் செய்யாமல் "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், எழுதப்படாத தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கப்பட்டது" என்று நீங்கள் முந்திக்கொண்டு எழுதி அனுப்பிவிட வேண்டும்.

எழுதி அனுப்புவதற்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், என் வீட்டிலேயே ஒன்று நடந்தது. தனுஷ்கோடிக்கு ரோடு வராத காலம், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் வேன்தான் போகும். என் சித்தப்பா மகன் அந்த வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு வெளிநாட்டுப் பயணியின் கேமராவைக் காணோம் என்று அவனைக் கூட்டிப்போனார்கள், எந்த ஸ்டேஷன் என்று இப்போது வேண்டாம். சித்தி வாசலில் உட்கார்ந்து அழுகிறாள், உள்ளே "அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை" என்கிறார்கள். நான் அப்போதுதான் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். என் சீனியர் கேட்ட முதல் கேள்வி, "தந்தி கொடுத்தீங்களா?" என்பதுதான். எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தந்தி கொடுத்தோம், இந்த நாள் இந்த மணி முதல் இன்னாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று இரண்டே வரி. பிற்பாடு போலீஸ் கைது நேரத்தை மாற்றி எழுதினாலும் தபால் ஆபீஸ் முத்திரையில் இருக்கிற நேரத்தை மாற்ற முடியாது, அந்தக் காலத்து வக்கீல்களுக்கு அதுதான் ஆயுதம். அன்று ராத்திரியே விட்டுவிட்டார்கள். கேமரா லாட்ஜ் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது. அந்த வெளிநாட்டுக்காரர் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வேறு யாரும் வரவில்லை. அவன் அதற்குப் பிறகு வேன் சாவியைத் தொடவே இல்லை, கடலுக்குப் போய்விட்டான், இப்போதும் டூரிஸ்ட் என்ற வார்த்தை வந்தால் எழுந்து போய்விடுகிறான். இடது காது அவனுக்கு சரியாகக் கேட்காது.

தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. அதே வேலையை இப்போது வேறு விதமாகச் செய்ய வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போதே என்றால் 112-க்குப் போன் போட்டுப் பதிவு செய்யுங்கள், எஸ்.பி. ஆபீஸுக்கு மின்னஞ்சல் போடுங்கள், சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேளுங்கள். காவலில் இருக்கிறவருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி ஆட்களுக்கும் அப்படியே. ஒரு நாளைத் தாண்டியும் விடவில்லை, கோர்ட்டிலும் நிறுத்தவில்லை என்றால் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கிற மனு. இதில் உங்கள் பெயரில் போகிற ஒவ்வொரு அழைப்புக்கும் மின்னஞ்சலுக்கும் நேரம் பதிவாகிறது, பழைய தந்தி முத்திரை செய்த வேலையை இது செய்யும்.

உங்கள் தம்பி வெளியே வந்துவிட்டதால் இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம் வேறு. இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அடி விழுந்திருந்தால் டாக்டரிடம் யார் அடித்தது, எதனால் அடித்தது என்று மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், "கீழே விழுந்தேன்" என்று சொல்ல வைத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காயத்தைத் தேதி தெரிகிறமாதிரி படம் எடுத்து வையுங்கள். அப்புறம் நேரத்துக்குச் சாட்சி தேடுங்கள். ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்த பக்கத்து வண்டிக்காரர்கள், எதிர்க்கடை கேமரா, சனிக்கிழமை காலை அவர் வண்டியில் கடைசியாக விழுந்த ஜி-பே பணம், நீங்கள் அவருக்குப் போட்டு எடுக்காமல் போன அழைப்புகள், ஸ்டேஷன் வாசலில் நீங்கள் டீ வாங்கிக் கொடுத்த கடை. கடை கேமராவில் சில நாளில் பழையது அழிந்துவிடும், அதை முதலில் கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லியும் உடனே எழுதுங்கள், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு.

எல்லாவற்றையும் சேர்த்து எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு, நகல் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு. ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் தேவை இல்லை, தமிழிலேயே எழுதலாம். அதன் பரிந்துரை வெறும் அறிவுரை இல்லை, அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. நஷ்டஈடு கிடைக்க வருஷக்கணக்கில் ஆகும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மனு பதிவானதுமே "கூப்பிடும்போது வரணும்" என்ற போன் குறைந்துவிடும், அதுதான் இப்போதைக்கு உங்களுக்குத் தேவை.

கூப்பிட்டால் போகவேண்டுமா என்றால், ஓடி ஒளிய வேண்டாம், அது சந்தேகத்தை வளர்க்கும். "எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், வக்கீலோடு வருகிறேன்" என்று பதில் சொல்லச் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும், தனியாகப் போகக்கூடாது, போன நேரத்தையும் வந்த நேரத்தையும் வீட்டில் குறித்துவைக்க வேண்டும். உங்களையோ அம்மாவையோ "தம்பி வர்ற வரைக்கும் உட்காருங்க" என்று சொன்னால் உட்காராதீர்கள். சாட்சியாக விசாரிப்பதானாலும் பெண்களை அவர்கள் குடியிருக்கிற இடத்திலேயேதான் விசாரிக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யவும் கூடாது, தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரி செய்யலாம்.

வண்டி விஷயம். தம்பிக்கு நகராட்சி கொடுத்த வியாபாரச் சான்று இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் 2014 சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு போலீஸ் உட்பட யாரும் தடுக்கக்கூடாது என்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தவும் கூடாது. வழக்குக்காகத்தான் வண்டியை எடுத்தோம் என்றால் அதற்குப் பட்டியல் போட்டு மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், எஃப்.ஐ.ஆரே இல்லாதபோது எந்த வழக்குக்கு? மனுவில் வண்டியையும் போனையும் தனித்தனியாக எழுதுங்கள், போனில் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு, வண்டியில் இருந்த சரக்கோடு. ஒரே ஒரு எச்சரிக்கை, அந்தச் சரக்கில் பவளப்பாறைத் துண்டோ, கடல் குதிரையோ, வனத்துறை தடைசெய்த சிப்பி வகையோ இருந்தால் முதலில் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். அது வன உயிரினச் சட்டத்தில் பெரிய வழக்கு, ஜாமீனே கஷ்டம், பையைத் தேடி வந்தவர்கள் அதைக் காட்டி மிரட்டுவதும் நடக்கிறது. சங்கு வாங்கிய பில்லை எப்போதும் வண்டியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த 17 வயதுப் பையன். அவன் வீட்டாரோடு நீங்கள் இன்றே பேசுங்கள், ஏனென்றால் நான்கு பேரில் சட்டப்படி மிகப் பெரிய தவறு அவனுக்குத்தான் நடந்திருக்கிறது. 18 வயது ஆகாதவனை எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக்கூடாது, பிடித்ததும் சிறார் நலப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைத்து 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்த வேண்டும், 2015 சிறார் நீதிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவன் ஸ்கூல் டி.சி.யையோ பிறப்புச் சான்றையோ நகல் எடுத்து, அவன் அம்மா பெயரில் தனி மனுவாகப் போடுங்கள், உங்கள் மனுவோடு கலக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-லும் பதிவு செய்யுங்கள். அந்த வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் இல்லை என்றால் நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள், அவன் சொல்வதை அவன் பேச்சிலேயே எழுதினால் போதும், சனிக்கிழமை காலை எத்தனை மணிக்கு ஜீப்பில் ஏறினான் என்பது மட்டும் முதல் வரியில் இருக்கட்டும்.